சமயம் கடந்த அறம்

திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரின் வடம் பல ஊராரை ஒன்றாய்ப் பிணைப்பது. அதனைக் கண்டு வளர்ந்த தளவாய்புரத்தார்க்கு, சமயமின்றி ஒழுக்கமும் சமூக உறவும் நிலைக்குமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அவ்வையத்திற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் தந்தை பெரியார்.

1879 செப்டம்பர் 17ஆம் நாள் ஈரோட்டில், வைணவப் பற்று மிக்க வணிகக் குடும்பத்தில் ஈ.வெ. இராமசாமி தோன்றினார். இளமையில் துறவு நாடிக் காசி சென்றவர், அங்குச் சத்திரத்தில் சாதி பார்த்துச் சோறிட்டமையால் பசியோடு நின்றார். ஊர் திரும்பியபின், பிளேக் நோய்க்கு அஞ்சிப் பலர் அகன்றபோது, இறந்தோர் உடலைத் தாமே சுமந்தார். இளமையிலேயே கைம்மையுற்ற தங்கை மகளுக்கு மறுமணம் செய்வித்தார். இவை வீடுபேறு கருதிச் செய்தவை அல்ல.

1925இல் 'குடி அரசு' இதழைத் தொடங்கினார். 1928இல், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் புரோகிதரின்றிச் சுயமரியாதைத் திருமணம் நடத்திவைத்தார். வேள்வித்தீ இருந்த இடத்தில் ஊரார் சான்றாய் நின்றனர். இத்தகைய மணங்களை இந்துத் திருமணச் சட்டத் திருத்தத்தின்வழி அண்ணாவின் அரசு ஏற்றது 1967இல்தான். இடைப்பட்ட நாற்பதாண்டுகளாக அவ்வில்லறங்களைக் காத்தவை சடங்கும் சட்டமும் அல்ல. ஒருவர்க்கொருவர் அளித்த உறுதிமொழியும் சுற்றத்தாரின் துணையுமே.

கடவுளை மறுத்த இவரே குன்றக்குடி அடிகளாரோடு நட்புப் பூண்டிருந்தார். 1973 டிசம்பர் 24ஆம் நாள் மறைந்தார். சமயம் அறத்திற்கு ஒரு வழியாகலாம். அதுவே ஒரே வழியன்று என்பதை இவர் வாழ்வு உணர்த்துகின்றது.