சுமை இறக்கிய சிலுவை
(இரண்டாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

சமணரும் பௌத்தரும் வைணவரும் சைவரும் இசுலாமியரும் காப்பியம் பாடி வளர்த்த மொழி நம் தமிழ்மொழி. அந்த வரிசையில் கிறித்தவர் தந்த அரிய கொடைகளுள் ஒன்று இரட்சணிய யாத்திரிகம். அதனை இயற்றியவர் கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்படும் எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை ஆவார்.

நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். வைணவக் குடும்பம். கம்பராமாயணம் ஒலித்த வீடு. இளமையிலேயே இலக்கண இலக்கியங்களில் தேர்ந்தார். 1853-இல் சாயர்புரத்தில் கிறித்தவ சபையார் நடத்திய பள்ளியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அங்கேதான் அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி முளைத்தது. பிறருக்காகப் பாடுபட்டு இறந்த இறைவன் என்பதற்கு என்ன பொருள்? நண்பர்களோடு பேசியும் நூல்களைப் படித்தும் ஆண்டுக்கணக்கில் அதனை ஆராய்ந்தார். முடிவில் 1858-இல் சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார்.

ஆங்கிலேயரான சான் பனியன், தம் கொள்கைக்காகச் சிறை சென்றவர். அவருடைய நூல் 1678-இல் வெளிவந்தது. முதுகில் பெருஞ்சுமையோடு புறப்படும் ஒரு பயணி, சிலுவையின் அடியை அடைந்ததும் சுமை தானே கழன்று விழுவதைக் காண்கிறான். இந்தக் கதையையே பிள்ளையவர்கள் தமிழ்க் காப்பியமாக வடித்தார். நற்போதகம் என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894-இல் நூலாயிற்று. ஐந்து பருவங்கள், 3766 பாடல்கள்!

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம் குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலம். பனியன் இயேசுவின் பாடுகளை விரித்துக் கூறவில்லை. பிள்ளையவர்களோ அவற்றை விரிவாகப் பாடினார். ஏன்? சுமை விழுந்தது என்று சொன்னால் போதாது. விழுந்த சுமையைத் தாங்கியவர் யார் என்று காட்ட வேண்டும் என அவர் எண்ணினார் போலும். கயிற்றால் கட்டுண்டு, ஏச்சும் எள்ளலும் ஏற்று, மறுமொழி கூறாது நிற்கும் தலைவனை நம் கண்முன் நிறுத்துகிறார். அந்த மௌனம் இயலாமையால் வந்ததன்று. பிறர்மேல் கொண்ட அன்பினால் வந்தது.

நான் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவன் அல்லன். ஆயினும் இப்பாடல்கள் என்னைத் தொட்டன. என் தந்தையார் திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. அரம் பிடித்துக் காய்த்துப்போன கைகள் அவருடையவை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் புத்தகத்தின் விலை அந்தக் கைகளில் எழுதியிருக்கிறது. ஒருவர் தாமே விரும்பி ஏற்கும் துன்பம் இன்னொருவருக்கு வாழ்வாக முடியும் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு வேறு உரையாசிரியர் வேண்டியிருக்கவில்லை.

எனினும் ஒன்று சொல்லியாக வேண்டும். துன்பம் புனிதமானது, ஆகவே எளியவர் வாய்மூடிப் பொறுத்திருக்க வேண்டும் என்று சிலர் பொருள் கூறக்கூடும். பிள்ளையவர்கள் அவ்வாறு பாடவில்லை. இக்கொடுமை கண்டும் நிலம் பிளவாதிருப்பது ஏன் என்று பார்த்தவர் புலம்பும்படி பாடியிருக்கிறார். தாங்கியவரின் பொறுமை பெரிது. அதனால் அடித்தவரின் செயல் நியாயமாகிவிடாது. இவ்விரண்டையும் ஒருங்கே சொன்னதுதான் அப்புலவரின் சிறப்பு.

போற்றித் திருவகவல், இரட்சணிய மனோகரம் ஆகிய நூல்களையும் தந்த அப்பெருமகனார் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார். மதம் மாறியும் கம்பனிடம் கற்ற தமிழை அவர் கைவிடவில்லை. பழைய பாத்திரத்தில் புதிய அமுதை வார்த்தார்.

மாணவத் தோழர்களே! நம்மில் பலரும் பிறர் தோளில் ஏறித்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம். அந்தத் தோள்களை மறவாதிருப்போம். நாளை நாமும் ஒருவர் சுமையையேனும் தாங்க முன்வருவோம். இரட்சணிய யாத்திரிகத்தைத் தேர்வுக்காக மட்டுமன்றி, வாழ்வுக்காகவும் ஒருமுறை படிப்போம்.