ரங்கூனில் பிறந்த இரண்டாவது பிள்ளை – ஆன் ஜட்சன் அம்மையார் வாழ்க்கை

இந்த மலருக்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எழுதணும்னு சொன்னதும் பலரும் ராணிமாரையும் தலைவிகளையும் எடுத்துக்கிட்டாங்க. எனக்குச் சின்ன வயசிலே ஞாயிறு பள்ளியில் கேட்ட ஆன் ஜட்சன் அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தாங்க. அவங்க ஊழியத்தைப் பற்றி நிறைய பேர் சொல்லியிருக்காங்க. நான் அவங்க பிள்ளைப்பேறு பற்றித்தான் அதிகமா எழுதப் போறேன். காரணத்தைக் கடைசியில் சொல்றேன்.

ஆன் அம்மா 1789 டிசம்பர் 22-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் பிராட்ஃபோர்டு ஊரில் பிறந்தாங்க. நல்லாப் படிச்சு, பள்ளிக்கூடத்தில் டீச்சரா வேலையும் பார்த்தாங்க. 1812 பிப்ரவரி 5-ல் அதோனிராம் ஜட்சன் என்ற மிஷனரியைக் கல்யாணம் பண்ணி, ரெண்டே வாரத்தில் புருஷனோட கப்பல் ஏறிட்டாங்க. அப்போ வயசு 22. கல்கத்தா வந்து சேர நாலு மாசம் ஆச்சு. கூட வந்த ஹாரியட் நியூவெல் என்ற தோழிக்கு 19 வயசுதான். அவங்க கப்பலில் பிள்ளை பெத்தாங்க. பிள்ளையும் போச்சு, கொஞ்ச நாளில் தாயும் மொரீஷியஸ் தீவில் இறந்துட்டாங்க.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க இவங்களை இந்தியாவில் தங்க விடலை. மொரீஷியஸ் போய், அங்கிருந்து 1813 ஜூனில் நம்ம சென்னைக்கு, அதாவது அந்தக் கால மதராஸுக்கு வந்தாங்க. அங்கேயும் இருக்க முடியாத நிலை. உடனே கிளம்பத் தயாரா இருந்தது ரங்கூன் போற ஒரு பழைய கப்பல்தான். அதில் ஏறினாங்க. ஆன் அம்மாவுக்கு அப்போ மாசமான வயிறு. துணைக்குன்னு கூட்டிப்போன பெண்ணும் கப்பல் புறப்பட்ட உடனே செத்துப் போச்சு. மருத்துவர் இல்லை, மருத்துவச்சி இல்லை, நடுக்கடல். முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அதுக்குப் பேரும் இல்லை, மண்ணில் ஒரு குழியும் இல்லை.

ஜூலை 13-ல் ரங்கூனில் இறங்கினாங்க. ஊர் மதிலுக்கு வெளியே இருந்த மிஷன் வீட்டில் தங்கினாங்க. சேராம்பூர் வில்லியம் கேரி ஐயாவின் மகன் ஃபெலிக்ஸ் கேரி குடும்பம் இருந்த வீடு அது. சீக்கிரமே அவரும் ராஜா வேலைக்காக ஆவா நகரத்துக்குப் போயிட்டார். போற வழியில் ஆற்றில் படகு கவிழ்ந்து அவர் மனைவியும் பிள்ளைகளும் இறந்துட்டாங்க. மிஷன்னு பேர்தானே தவிர, மிஞ்சினது புருஷனும் பெண்சாதியும் மட்டும்தான். வீட்டு வேலையெல்லாம் ஆன் அம்மா தலையில். வேலைக்காரங்க கிட்டேயும் கடைக்காரங்க கிட்டேயும் பேசிப் பேசியே அவங்க புருஷனை விடச் சீக்கிரமா பர்மா பாஷை பேசக் கத்துக்கிட்டாங்க.

1815 ஜனவரியில் உடம்பு சரியில்லாமல், வைத்தியம் பார்க்க மறுபடி மதராஸுக்குத் தனியா வந்தாங்க. பர்மாவில் பெண்கள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாதுன்னு சட்டம். ஆனாலும் ரங்கூன் ஆளுநர் ஒரு பர்மியப் பெண்ணைத் துணைக்கு அனுப்ப அனுமதி கொடுத்தார். மதராஸ் டாக்டருக்கு 70 ரூபாய் கொடுத்து அனுப்பினாங்க. அவர் வாங்காமல் திருப்பி அனுப்பிட்டார். அடுத்த பிள்ளை செப்டம்பரில் பிறந்ததை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், நம்ம ஊரில் இருந்தப்பவே வயிற்றில் தங்கியிருந்திருக்கு.

1815 செப்டம்பர் 11-ல் அந்த ரெண்டாவது பிள்ளை பிறந்தான். அப்பவும் டாக்டர் இல்லை, வேற பெண்துணையும் இல்லை. பிரசவம் பார்த்தது புருஷன் ஒருத்தர்தான். மதச் சுதந்திரத்துக்குப் பாடுபட்ட ரோஜர் வில்லியம்ஸ் என்பவர் பேரையே வைத்தாங்க. வெள்ளைக் குழந்தையைப் பார்க்காத ஊர், அதனால் ஜனங்க ஆச்சரியமா வந்து பார்த்தாங்க. அமைதியான பிள்ளையாம். அப்பா படிக்கிற மேசை பக்கத்தில் பாயைப் போட்டு விட்டால் மணிக்கணக்கா அழாமல் கிடப்பானாம். முதல் பிள்ளையைக் கடலில் விட்ட தாய்க்கு, அந்தப் பாயில் கிடந்த பிள்ளையைப் பார்க்கப் பார்க்க எப்படி இருந்திருக்கும்!

ஆனா ராத்திரி ராத்திரி காய்ச்சல் வந்து வியர்த்துக் கொட்ட ஆரம்பிச்சது. வைத்தியம் கொஞ்சம் தெரிந்த ஒரு போர்ச்சுகீசியப் பாதிரியார் வந்து மருந்து கொடுத்தார். கேட்கலை. 1816 மே 4-ல் பிள்ளை இறந்துட்டான். எட்டு மாசம் கூட முடியலை. அன்னைக்குச் சாயங்காலமே தோட்டத்தின் ஓரத்தில் அடக்கம் பண்ணினாங்க. பர்மாக்காரங்களும் போர்ச்சுகீசியர்களுமா நாற்பது ஐம்பது பேர் கூடவே நடந்து வந்தாங்க.

அப்புறம் நடந்ததுதான் என் மனசில் நின்னது. ஆளுநரின் மனைவி பெரிய பரிவாரத்தோட துக்கம் கேட்க வந்தாங்க. எனக்கு ஏன் சொல்லி அனுப்பலை, அடக்கத்துக்கு வந்திருப்பேனேன்னு நெஞ்சில் அடிச்சுக்கிட்டாங்களாம். மதம் வேற, பாஷை வேற, அந்தஸ்து வேற. அதோட விடலை. சில நாள் கழிச்சு ஆன் அம்மா மனசு தேறணும்னு யானை மேல ஏற்றி ஊருக்கு வெளியே கூட்டிப் போனாங்க.

அதன் பிறகு ஆன் அம்மா செய்தது கொஞ்சம் இல்லை. பெண்களுக்குப் படிப்பு சொல்லிக் கொடுத்தாங்க. பைபிளில் தானியேல், யோனா பகுதிகளைப் பர்மா பாஷையில் மொழிபெயர்த்தாங்க. சயாம் பாஷையும் கத்துக்கிட்டு மத்தேயு பகுதியை அதில் எழுதினாங்க. 1824-ல் இங்கிலீஷ்காரங்களோட சண்டை வந்ததும் புருஷனை உளவாளின்னு ஜெயிலில் போட்டாங்க. ஏறக்குறைய ஒன்றரை வருஷம் சோறும் துணியும் கொண்டு போய், அதிகாரிகள் வாசலில் நின்னு மன்றாடி உயிரைக் காப்பாற்றினாங்க. அந்த நேரத்தில்தான் 1825 ஜனவரி 26-ல் மூணாவது பிள்ளை மரியா பிறந்தாள். தாய்க்குக் கடும் காய்ச்சல் வந்து பால் வற்றிப் போனப்போ, விலங்கு மாட்டின தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, பால் கொடுக்கிற கிராமத்துத் தாய்மார்கள் வீடு வீடாப் போனார். அந்தப் பர்மியப் பெண்கள் பால் கொடுத்துதான் பிள்ளை பிழைச்சது. 1826 அக்டோபர் 24-ல் புருஷன் ஊரில் இல்லாதப்போ ஆன் அம்மா இறந்தாங்க. வயசு 36. ஆறு மாசத்தில் மரியாவும் போயிட்டாள்.

காரணம் சொல்றேன்னு சொன்னேனே. எனக்கும் முதல் பிள்ளை உயிரோட பிறக்கலை. பேர் வைக்காத பிள்ளைக்குத் துக்கம் கேட்கிற பழக்கம் நம்ம பக்கம் இல்லை. ஒருத்தரும் வரலை. அடுத்தவன் வயிற்றில் இருந்த ஒன்பது மாசமும் சந்தோஷப்படப் பயந்துக்கிட்டே இருந்தேன். அவன் இப்போ எட்டாவது படிக்கிறான். இன்னைக்கு நமக்கு நர்சம்மா இருக்காங்க, 108 வண்டி இருக்கு. அது பெரிய விஷயம். ஆனா யானையில் ஏற்றிக் கூட்டிப் போன அந்த அம்மா செய்த வேலையை எந்த வண்டியும் செய்யாது, நாமதான் செய்யணும்.

அதனால் ஒரு வேண்டுகோள். குழுவில் ஒரு சகோதரி ரெண்டு வாரம் கூட்டத்துக்கு வரலைன்னா, சந்தா பாக்கியை நோட்டில் எழுதுறதோட விடாதீங்க. வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்க. என்ன பேசுறதுன்னு தெரியலைன்னாலும் பரவாயில்லை.