சென்னை கண்ட சிறுகோள்

1861ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் நார்மன் ராபர்ட் போக்சன் புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் அதுவே.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்கள், தொலைநோக்கியிலும் மங்கிய விண்மீன்களாகவே தோன்றும். வானியலில் ஒளிப்படம் வழக்கிற்கு வராத காலம் அது. விண்மீன் வரைபடத்தை அருகில் வைத்து, வானின் ஒரு பகுதியை இரவுதோறும் ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளியொன்று அடுத்தடுத்த இரவுகளில் இடம்பெயர்ந்தால் அது சிறுகோள். பெயராவிடில் வரைபடத்தின் குறை. பல இரவுகளின் உழைப்பு பயனின்றிப் போவதும் உண்டு.

இப்பணியில் போக்சன் முன்பே தேர்ந்தவர். 1829இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பணியாற்றியபோதே மூன்று சிறுகோள்களைக் கண்டறிந்தார். ஐந்து ஒளித்தர வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டைக் குறிக்கும் என 1856இல் அவர் வகுத்த அளவே இன்றும் வழங்குகிறது.

சென்னையில் கண்ட சிறுகோள் வரிசையில் 67ஆவது. சிறுகோள்களுக்குத் தொன்மப் பெண்பாற் பெயரிடுவது அக்கால மரபு. ஆசியா என்பது கிரேக்கத் தொன்மத்து நீர்மகளின் பெயர், கண்டத்தின் பெயருமாயிற்று. மரபும் பிழைக்கவில்லை, மண்ணும் மறக்கப்படவில்லை. பின்னர் சாப்போ, சில்வியா, வேரா ஆகியவற்றையும் சென்னையிலிருந்தே கண்டறிந்தார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் மாறொளிர் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார்.

போக்சன் கண்ட முதற் சிறுகோளின் பெயர் ஐசிஸ். அவர் மகள் எலிசபெத்துக்கும் அப்பெயர் உண்டு. 1873 முதல் தந்தையின் ஆய்வகத்தில் உழைத்த அம்மகளை, 1886இல் அரச வானியல் கழக உறுப்பினராக்க அவர் முயன்றார். பெண்களுக்குச் சட்டத்தில் இடமில்லை எனக் கூறப்பட, முயற்சி கைவிடப்பட்டது. போக்சன் 1891இல் சென்னையிலேயே மறைந்தார். கழகம் ஐசிசை ஏற்றது 1920இல்.