கடிகாரத்தை அடகு வைத்துச் செங்கல் சுட்டார்!

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரி என்று ஒரு நகரம். அங்கே ஓர் அடகுக் கடைக்குள் ஒரு நாள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் நுழைந்தார்.

அவர் கறுப்பர். முப்பது வயது கூட ஆகவில்லை. சட்டைப்பையில் இருந்து தன் கடிகாரத்தை எடுத்து நீட்டினார். கடைக்காரர் 15 டாலர் கொடுத்தார்.

வீட்டில் யாருக்கும் நோயா? இல்லை. கடன்காரன் தொல்லையா? அதுவும் இல்லை.

செங்கல் சுட அவருக்குப் பணம் தேவைப்பட்டது!

வாத்தியாருக்கும் செங்கலுக்கும் என்ன சம்பந்தம்? அந்தச் சம்பந்தத்தை உண்டாக்கியவர்தான் அவர். பெயர் புக்கர் வாஷிங்டன்.

உப்புப் பீப்பாயில் முதல் பாடம்

1856-ம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பண்ணையில் அவர் பிறந்தார். தாய் அந்தப் பண்ணையின் சமையற்காரி, அடிமை. அடிமைக்குப் பிறந்ததால் குழந்தையும் அடிமை. மண் தரை போட்ட மரக் குடிசையில் கந்தலை விரித்துப் படுத்து வளர்ந்தார்.

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது. தாய் பிள்ளைகளுடன் மால்டன் என்ற ஊருக்குப் போனாள். அங்கே மாற்றாந்தந்தைக்கு உப்புக் காய்ச்சும் இடத்தில் வேலை. சிறுவனும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போனான்.

மாற்றாந்தந்தை நிரப்பும் பீப்பாய்களில் எல்லாம் 18 என்று ஓர் எண் போடுவார்கள். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து, அதேபோல எழுதப் பழகினான். அவன் கற்ற முதல் எழுத்து அதுதான்.

பிறகு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. ஒரு நாள் சுரங்கத்துக்குள் இரண்டு தொழிலாளிகள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஹாம்ப்டன் என்ற இடத்தில் கறுப்பர்களுக்கு ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது, ஏழைப் பையன்கள் அங்கே வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்று பேசினார்கள். இருட்டில் நகர்ந்து கிட்டே போய்க் கேட்டான். அன்று முதல் ஹாம்ப்டன், ஹாம்ப்டன் என்பதே நினைப்பு!

துடைப்பம் வைத்த பரீட்சை

1872-ல், 16 வயதில் புறப்பட்டான். தூரம் சுமார் 500 மைல். வண்டிக்குக் காசு போதவில்லை, நடந்தான். ரிச்மண்ட் நகரில் மர நடைபாதையின் அடியில் படுத்துத் தூங்கினான். பகலில் கப்பலில் இருந்து இரும்பு இறக்கும் கூலி வேலை. ஹாம்ப்டன் போய்ச் சேர்ந்தபோது கையில் இருந்தது 50 சென்ட், அதாவது அரை டாலர்.

தலைமை ஆசிரியை அவனுடைய அழுக்கு உடையைப் பார்த்தாள். சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்தாள். கடைசியில், பக்கத்து அறையைப் பெருக்கச் சொன்னாள்.

மூன்று முறை பெருக்கினான். நான்கு முறை தூசி துடைத்தான். ஆசிரியை கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் தேய்த்துப் பார்த்தாள். தூசி ஒட்டவில்லை. இடம் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக் காவல், துப்புரவு வேலை பார்த்துக்கொண்டே படித்து 1875-ல் தேறினான்.

கோழிக் கொட்டகையில் வகுப்பு

1881-ல் அலபாமாவில் டஸ்கீகி என்ற சிற்றூரில் கறுப்பர்களுக்குப் பள்ளி தொடங்க ஆள் தேடினார்கள். ஹாம்ப்டன் தலைவர் ஆம்ஸ்ட்ராங் இவரை அனுப்பினார்.

வந்து பார்த்தால் பள்ளிக்கூடமே இல்லை! ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 2,000 டாலர் அரசாங்கம் ஒதுக்கியிருந்தது. கட்டடத்துக்கு ஒரு காசு இல்லை. ஜூலை 4-ந் தேதி, ஓர் ஓட்டைக் கொட்டகையில் 30 மாணவர்களுடன் வகுப்பு தொடங்கியது. மழை பெய்தால் ஒரு மாணவன் எழுந்து வந்து ஆசிரியருக்குக் குடை பிடிப்பான். மற்றவர்கள் பாடம் ஒப்பிப்பார்கள்.

ஊருக்கு வெளியே 100 ஏக்கர் பண்ணை 500 டாலருக்கு விலைக்கு வந்தது. கடன் வாங்கி முன்பணம் கட்டினார். அங்கே இருந்த குதிரை லாயமும் கோழிக் கொட்டகையும் வகுப்பறைகள் ஆயின.

நமக்கு வேண்டிய கட்டடத்தை நாமே கட்டுவோம் என்றார் புக்கர் வாஷிங்டன். மாணவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பெற்றோருக்கு அதைவிடப் பிடிக்கவில்லை. மண் சுமக்கவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம் என்று கடிதம் எழுதினார்கள். நேரிலும் வந்து சண்டை பிடித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சவுக்கடி பட்டு மண் சுமந்தவர்கள் அல்லவா?

அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் காட்டை வெட்டப் போனார். மாணவர்கள் பின்னாலே போனார்கள்.

மூன்று சூளை விழுந்தது

கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும். ஊரில் சூளை கிடையாது. நாமே சுடுவோம் என்றார்.

செங்கல் சுடுவது எளிது என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. தகுந்த மண் வேண்டும். அறுத்த பச்சைக் கல்லை நன்றாக உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் நெருப்பில் வெடிக்கும். அடுக்கும்போது சந்து விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நெருப்பு ஓடாது. முதலில் மெல்லிய சூடு, பிறகு கடும் நெருப்பு. இரவும் பகலும் கண் விழித்துப் பார்க்க வேண்டும்.

முழங்கால் அளவு சேற்றில் நின்று மாணவர்கள் மண் மிதித்தார்கள். இது பொறுக்காமல் பள்ளியை விட்டே போனவர்களும் உண்டு.

முதல் சூளையில் சுமார் 25,000 கல். வேகவில்லை, வீண். இரண்டாவது சூளையும் வீண். மூன்றாவது நன்றாக எரிந்தது. ஒரு வாரம் எரிய வேண்டும். இன்னும் சில மணி நேரம்தான் பாக்கி. நள்ளிரவில் சூளை இடிந்து விழுந்தது!

கையில் ஒரு டாலர் கூட இல்லை. விட்டுவிடலாம் என்றார்கள் மற்ற ஆசிரியர்கள். அப்போதுதான் அவர் மாண்ட்கோமரிக்குப் போய்க் கடிகாரத்தை அடகு வைத்தார்.

15 டாலருடன் நான்காவது சூளை போட்டார்கள். கல் வெந்தது!

கடிகாரத்தை மீட்கப் பணம் சேர்ந்தபோது கெடு தாண்டிவிட்டது. அது போனது போனதுதான். அதற்காக அவர் வருந்தவும் இல்லை.

பின்னாளில் ஒரே பருவத்தில் 12 லட்சம் செங்கல் சுட்டார்கள். கறுப்பர் பள்ளிக்கூடமா என்று முகம் சுளித்த வெள்ளைக்காரர்களும் கல் வாங்க வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

கணக்குப் பாடம் எங்கே?

முதலில் செய்தவை எல்லாம் கோணல்தான். மாணவர்கள் செய்த கட்டில்கள் இரவில் ஒடிந்து, காலையில் தரையில் கிடக்கும். ஒடிந்ததைத் திரும்பச் செய்வார்கள். கட்டில், நாற்காலி, மாட்டு வண்டி, குதிரை வண்டி என்று கை தேறியது.

வகுப்பறைப் பாடமும் பட்டறையில் இருந்தே வந்தது. இத்தனை அடிச் சுவருக்கு எத்தனை கல்? கூரைக்கு எவ்வளவு மரம்? இப்படிக் கணக்குப் போட்டார்கள். விடை தவறினால் சுவரே காட்டிக் கொடுத்துவிடும்!

1892-ல் ராபர்ட் டெய்லர் வந்து சேர்ந்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவர். வரைபடம் போட அவர் கற்றுக்கொடுத்தார். 1900 வாக்கில் டஸ்கீகியில் 40 கட்டடங்கள். நான்கு தவிர மற்றவை அநேகமாக எல்லாம் மாணவர் கட்டியவை. வரைபடம் முதல் மின்விளக்குப் பொருத்துவது வரை வெளியாள் ஒருவர் கூட வேண்டியிருக்கவில்லை.

கட்டில் செய்தால் போதுமா?

இவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. அறிஞர் டூபாய்ஸ் 1903-ல் தம் நூலில் கடுமையாகக் கண்டித்தார். கைத்தொழிலை மட்டும் பெரிதாகப் பேசினால் ஓட்டுரிமை என்ன ஆவது, உயர்கல்வி என்ன ஆவது என்பது அவர் கேள்வி.

கேள்வி சரியானதுதான். 1901-ல் அலபாமாவின் புதிய அரசியல் சட்டம் கறுப்பர்களில் பெரும்பாலோரின் ஓட்டைப் பறித்துவிட்டது. கட்டடம் கட்டத் தெரிந்தவனுக்கும் ஓட்டு இல்லை! புக்கர் வாஷிங்டன் மேடையில் இதைப் பற்றி அடக்கியே பேசினார். ஆனால் அந்தச் சட்டத்தை எதிர்த்து நடந்த வழக்குக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தார். அது அப்போது வெளியே தெரியாது.

கிராமத்துக் குழந்தைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் இல்லையே என்ற கவலை அவருக்குக் கடைசி வரை இருந்தது. 1912-ல் செல்வர் ரோசன்வால்டின் உதவியால் டஸ்கீகி அருகே ஆறு சிறு பள்ளிகள் கட்ட ஏற்பாடு செய்தார். செல்வர் கொஞ்சம் கொடுத்தார்; ஊரார் பணமும் மரமும் உழைப்பும் கொடுத்தார்கள். 1932-க்குள் தென் மாநிலங்களில் இப்படி ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. அந்தப் பள்ளிகளின் வரைபடத்தில் கைவேலைக்கென்று தனியாக ஓர் அறை உண்டு.

அவற்றை எல்லாம் பார்க்க அவர் இருக்கவில்லை. 1915 நவம்பர் 14-ந் தேதி டஸ்கீகியில் இறந்தார். அப்போது பள்ளியில் 1,500 மாணவர்கள். 100-க்கு மேல் கட்டடங்கள். அவரைப் பள்ளி வளாகத்திலேயே, ஒரு மேட்டில் அடக்கம் செய்தார்கள்.

செங்கல் கல்லறை. அதையும் மாணவர்களே கட்டினார்கள்.