கிளைட் பாரோ: அறுத்த துப்பாக்கியோடு ஓடிய 2 வருஷம்... அமெரிக்காவோட 16 அங்குலக் கணக்கு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் 2026 ஜனவரி 1 முதல் ஒரு பழைய வரி பூஜ்ஜியமாகிவிட்டது. பேரல் 16 அங்குலத்துக்குக் குறைவாக இருக்கும் ரைபிளை ஒருவர் செய்யவோ வாங்கவோ வேண்டுமென்றால் மத்திய அரசுக்கு 200 டாலர் கட்ட வேண்டும் என்பதுதான் அந்த வரி. 1934ல் வைத்த தொகை. 90 வருஷத்துக்கும் மேலாக ஒரு டாலர் கூட ஏறவில்லை, இறங்கவும் இல்லை. இப்போ வரி போச்சு. ஆனா துப்பாக்கியைப் பதிவு செய்யணும் என்ற விதி அப்படியே இருக்கு.

முழு நீள ரைபிள் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற நாட்டில், அதையே கொஞ்சம் குட்டையாக்கி, பதிவு செய்யாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. இது என்ன கணக்கு என்று தேடிப் போனால் 1930களின் கொள்ளையர்களிடம் போய் நிற்போம். அவர்களில் இன்றுவரை அதிகம் பேசப்படுபவர் கிளைட் பாரோ. போனி - கிளைட் ஜோடி என்றால் பலருக்குத் தெரியும், 1967ல் ஹாலிவுட் படமே வந்தது. படத்தில் பார்த்த அழகெல்லாம் நிஜ வாழ்க்கையில் இல்லை.

வண்டிக்கு அடியில் தூங்கிய குடும்பம்

1909 மார்ச் 24ல் டெக்சாஸ் மாநிலம் டெலிகோ பக்கத்தில் பிறந்தார் கிளைட். அப்பா குத்தகை விவசாயி, வீட்டில் ஏழு பிள்ளைகள். நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாமல் 1920களின் தொடக்கத்தில் குடும்பம் டல்லாஸ் நகரத்துக்கு வந்தது. நகரம்னு சொன்னாலும் அவங்க தங்கினது மேற்கு டல்லாஸ் சேரிப் பகுதியில். முதல் சில மாதங்கள் தாங்கள் வந்த குதிரை வண்டிக்கு அடியிலேயே படுத்துத் தூங்கினார்கள். கூடாரம் வாங்கவே காசு சேர்க்க வேண்டியிருந்தது.

கிளைடுக்கு இசைப் பைத்தியம். கிட்டார் வாசிப்பார், சாக்ஸபோன் வாசிப்பார். 1926ல் வாடகைக்கு எடுத்த காரைத் திருப்பிக் கொடுக்காத விவகாரத்தில் முதல் கைது. அடுத்தது அண்ணன் பக்கோடு சேர்ந்து, திருட்டு வான்கோழிகளை வைத்திருந்ததற்காக. அதுக்கப்புறம் கார் திருட்டு, கடைகளில் கைவரிசை. இதுவரைக்கும் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய சில்லறைத் திருடன் கதைதான்.

1930 ஜனவரியில் நண்பர் வீட்டில் போனி பார்க்கரைச் சந்தித்தார். கிளைடுக்கு 20 வயசு, போனிக்கு 19. பழகி சில வாரத்திலேயே கிளைட் மறுபடி கைது. வேக்கோ நகரச் சிறைக்கு போனி ஒளித்து எடுத்து வந்து கொடுத்த துப்பாக்கியை வைத்துத் தப்பினார். ஓஹாயோ மாநிலத்தில் பிடிபட்டார். இந்த முறை அவரை அனுப்பியது ஈஸ்ட்ஹாம் சிறைப் பண்ணைக்கு.

கிளைட் வாழ்க்கையைப் புரிஞ்சுக்க அந்தப் பண்ணையைத்தான் பார்க்கணும். கைதிகளைப் பருத்தி வயலில் வேலை வாங்கும் இடம் அது. அடி உதை அன்றாடம். அங்கே ஒரு மூத்த கைதி கிளைடைத் திரும்பத் திரும்பப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாகவும், அந்தக் கைதியைக் குழாயால் அடித்துக் கொன்றதுதான் கிளைடின் முதல் கொலை என்றும் அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் இருந்த இன்னொரு கைதி பழியை ஏற்றுக்கொண்டார்.

வயல் வேலையிலிருந்து தப்பிக்க 1932 ஜனவரியில் கோடரியால் தன் இடது கால் விரல்கள் இரண்டை வெட்டவைத்தார். ஆனா பாவம், அவருக்கே தெரியாமல் அம்மா கொடுத்துவந்த கருணை மனு அதற்குள் பலித்துவிட்டது. விரல் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 2ல் பரோலில் விடுதலை. வாழ்நாள் முழுக்க நொண்டித்தான் நடந்தார். ஷூ போட்டால் பெடல் சரியாக மிதிக்க முடியாது என்று சாக்ஸோடு கார் ஓட்டுவாராம்.

ஏன் பேரலை அறுத்தார்?

வெளியே வந்ததும் பழைய திருட்டுக்கே திரும்பினார், இந்த முறை ஆயுதத்தோடு. பெரிய வங்கிகளை அள்ளிய கோஷ்டி என்று நினைப்பது தப்பு. பெரும்பாலும் மளிகைக் கடை, பெட்ரோல் பங்க், சின்ன ஊர் வங்கி. கிடைத்த பணம் அடுத்த சில நாள் ஓட்டத்துக்குத்தான் போதும். வீடு கிடையாது. திருடிய ஃபோர்டு வி8 காரிலேயே வாழ்க்கை.

ஒரு மாநில எல்லையைத் தாண்டினால் துரத்தி வரும் உள்ளூர் போலீஸ் பெரும்பாலும் அங்கேயே நிற்க வேண்டும். அதிலும் போலீஸ் கையில் ரிவால்வர், ஷாட்கன்தான். கிளைட் கையிலோ ராணுவ ஆயுதம். தேசியக் காவல் படையின் ஆயுதக் கிடங்குகளை உடைத்துத் திருடிய பிரௌனிங் ஆட்டோமேட்டிக் ரைபிள், சுருக்கமாக பிஏஆர், அவருக்கு ரொம்பப் பிடித்தது. 20 தோட்டா மேகசின். அது துப்பும் தோட்டா அந்தக் காலத்துக் கார் கதவைச் சாதாரணமாகத் துளைக்கும்.

ஒரே சிக்கல் அதன் நீளம். பிஏஆர் மொத்தம் 47 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 4 அடி. பேரல் மட்டுமே 24 அங்குலம், எடை 7 கிலோவுக்கு மேல். காருக்குள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அதைத் திருப்பக்கூட முடியாது. அதனால் பேரலை அறுத்தார். ஷாட்கன்களுக்கும் அதே கதி. பேரலும் கட்டையும் போன ஷாட்கன் கோட்டுக்குள் மறையும்.

பேரல் நீளம் சும்மா அழகுக்கு இல்லை. மருந்து எரிந்து உண்டாகும் வாயு, பேரலுக்குள் இருக்கும் வரைக்கும்தான் தோட்டாவைத் தள்ளும். பேரல் குட்டையானால் தோட்டாவின் வேகம் குறையும், எரியாத மருந்து வெளியே வந்து தீயாகப் பிடிக்கும், சத்தம் காதைக் கிழிக்கும். தூரத்துக் குறியும் கஷ்டம். வேட்டைக்காரருக்கு இதெல்லாம் நஷ்டம். பத்தடி தூரத்தில், காருக்குள்ளிருந்து சுடப்போகிற ஒருவருக்கு இதில் ஒன்றும் நஷ்டமில்லை. சட்டம் பிற்பாடு பயந்தது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

ஜோப்ளினில் விட்டுப்போன ஃபிலிம்

1933 ஏப்ரல் 13. மிசௌரி மாநிலம் ஜோப்ளினில் கிளைட், போனி, பக், பக்கின் மனைவி, இன்னொரு இளைஞர் என ஐந்து பேர் வாடகை வீட்டில் தங்கியிருந்தார்கள். கள்ளச்சாராயக் கும்பல் என்று நினைத்துத்தான் போலீஸ் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் இரண்டு அதிகாரிகள் செத்தார்கள், கும்பல் தப்பியது. அவசரத்தில் கழுவாத கேமரா ஃபிலிமை விட்டுப்போனார்கள். அதில் வாயில் சுருட்டோடு போனி, விளையாட்டாக கிளைட் மார்பைக் குறிபார்க்கும் ஷாட்கன், காரில் சாய்த்து வைத்த துப்பாக்கிகள். நாடு முழுக்கப் பத்திரிகைகள் அந்தப் படங்களைப் போட்டன. இன்றைக்கு வைரல் என்கிறோமே, அது.

அதுக்கப்புறம் எல்லாமே சரிவுதான். ஜூனில் நடந்த கார் விபத்தில் போனியின் கால் வெந்துபோனது, கடைசி வரை அவரால் சரியாக நடக்க முடியவில்லை. ஜூலையில் தலையில் குண்டு பாய்ந்த பக், அந்த மாதம் 29ம் தேதி இறந்தார்.

1934 ஜனவரி 16ல் கிளைட் தன் பழைய ஆசையை நிறைவேற்றினார். ஈஸ்ட்ஹாம் பண்ணையைத் தாக்கிக் கைதிகளைத் தப்பவைத்தார். ஒரு காவலர் கொல்லப்பட்டார். டெக்சாஸ் சிறைத் துறை, ஓய்வில் இருந்த ஃபிராங்க் ஹேமர் என்ற பழைய ரேஞ்சரை அழைத்து, இவர்களைப் பிடிக்கும் வேலையை ஒப்படைத்தது.

ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு. கிரேப்வைன் அருகே சாலையோரம் நின்ற காரைப் பார்த்து, உதவி தேவையோ என்று நினைத்து பைக்கை நிறுத்திய இரண்டு ரோந்துக் காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவருக்கு இன்னும் சில நாளில் கல்யாணம். அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் திருமண உடையிலேயே இறுதிச் சடங்குக்கு வந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அதுவரை கிளைடை ராபின்ஹூட் மாதிரி ரசித்தவர்களின் மனசு அங்கேதான் மாறியது. ஐந்து நாள் கழித்து ஓக்லஹோமாவில் 60 வயது கான்ஸ்டபிள் ஒருவரும் கொல்லப்பட்டார். மொத்தத்தில் இந்தக் கும்பல் 9 சட்ட அமலாக்க அதிகாரிகளையும் பொதுமக்கள் சிலரையும் கொன்றதாகக் கணக்கு.

மே 23 காலை 9 மணி தாண்டி, லூசியானா மாநிலம் கிப்ஸ்லேண்ட் அருகே கிராமச் சாலை. கூட்டாளி ஒருவரின் அப்பா லாரியை நிறுத்திவிட்டு நின்றார். அது பொறி. கிளைட் காரை மெதுவாக்கியதும் புதரிலிருந்த ஹேமர் உட்பட ஆறு அதிகாரிகள் சுமார் 130 ரவுண்டு சுட்டார்கள். அவர்களிடமும் ஒரு பிஏஆர் இருந்தது. கிளைடுக்கு 25 வயசு, போனிக்கு 23. காருக்குள் பிஏஆர்கள், அறுத்த ஷாட்கன்கள், பிஸ்டல்கள், ஆயிரத்துக்கு மேல் தோட்டாக்கள், பல மாநில நம்பர் பிளேட்டுகள் கிடந்தன. கூடவே ஒரு சாக்ஸபோன்.

34 நாள் கழித்து வந்த சட்டம்

1934 ஜூன் 26ல் அதிபர் ரூஸ்வெல்ட் தேசிய ஆயுதச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கிளைட் இறந்து 34வது நாள். அவரால் மட்டும் வந்த சட்டம் இல்லை. 1929 சிகாகோ காதலர் தினப் படுகொலை, 1933 கன்சாஸ் சிட்டி ரயில் நிலையப் படுகொலை, டிலிஞ்சரின் வங்கிக் கொள்ளைகள் எல்லாம் சேர்ந்த பயம் அது. இதற்கான விசாரணை ஏப்ரல், மே மாதங்களில் நாடாளுமன்றக் குழுவில் நடந்தபோது கிளைட் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தார்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. முதல் வரைவில் பிஸ்டல், ரிவால்வரும் இருந்தன. மக்கள் சின்னத் துப்பாக்கியை விட்டுவிட்டுப் பெரியதை அறுத்து மறைத்துக்கொள்வார்கள் என்பதால் குட்டை ரைபிளும் ஷாட்கனும் பட்டியலில் இருந்தன. எதிர்ப்பு கிளம்ப, பிஸ்டலை எடுத்துவிட்டார்கள். குட்டை ரைபிளை எடுக்கவில்லை. அதனால்தான் 4 அங்குல பேரல் பிஸ்டலுக்கு இந்தப் பதிவு வேண்டாம், 15 அங்குல பேரல் ரைபிளுக்கு வேண்டும் என்ற விநோதம் இன்றும் தொடர்கிறது. போனி, கிளைடிடம் இருந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டு கோல்ட் கைத்துப்பாக்கிகள் 2012ல் 5 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயின. அந்த வகை இந்தச் சட்டத்துக்குள் வராது. அறுத்த பிஏஆரோ வேறு கதை. அது மெஷின் கன் கணக்கு, பேரல் எவ்வளவு நீளமானாலும் பதிவு கட்டாயம்.

முதலில் எல்லை 18 அங்குலம். 1960ல் ரைபிளுக்கு மட்டும் 16 ஆகக் குறைத்தார்கள், ஷாட்கனுக்கு 18 தான். மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பதும் உண்டு.

சரி, கிளைட் உயிரோடு இருந்திருந்தால் பதிவு செய்திருப்பாரா? நிச்சயம் மாட்டார். 1968ல் உச்ச நீதிமன்றம் ஹெய்ன்ஸ் வழக்கில், வைத்திருப்பதே குற்றம் என்ற நிலையில் உள்ள ஒருவரைப் பதிவு செய்யச் சொல்வது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வைப்பது என்று தீர்ப்பளித்தது. அதாவது யாருக்காக சட்டம் வந்ததோ அவர்களே தப்பிக்கும் ஓட்டை. அதே வருஷம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதை அடைத்தது.

இன்றைக்கு வாங்குபவர் முன்னால் என்ன இருக்கு?

ஏஆர் வகை ரைபிள் வைத்திருப்பவர்கள் யோசிப்பது பெரும்பாலும் 10.5, 11.5, 14.5, 16 அங்குலம் என்ற நீளங்களில்தான். 16 எடுத்தால் இந்தப் பதிவுத் தொல்லையே இல்லை. 14.5 அங்குல பேரலின் முனையில் ஒரு பாகத்தை நிரந்தரமாகப் பற்றவைத்து 16ஐத் தொட வைப்பதும் சட்டப்படி சரி. கழற்றக்கூடிய பாகம் கணக்கில் வராது. போல்ட்டை மூடிய நிலையில் அதன் முகப்பிலிருந்து பேரல் முனை வரைக்கும்தான் அளவு.

அதற்கும் கீழே போனால் ஏடிஎஃப் அமைப்பில் பதிவு. தானே செய்தால் ஃபார்ம் 1, செய்ததை வாங்கினால் ஃபார்ம் 4. கைரேகை, போட்டோ, பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் பேரலைத் தொடணும். முன்னாடியே மாட்டினால் குற்றம். தனி நபர் பெயரில் பதிவு செய்தால் அவர் இல்லாதபோது வேறு யாரும் அதை வைத்திருக்க முடியாது. குடும்பத்தில் இன்னொருவரும் பயன்படுத்தணும்னா டிரஸ்ட் வைத்து அதன் பெயரில் பதிவு செய்கிறார்கள். ஆனா டிரஸ்டில் பொறுப்புள்ள ஒவ்வொருவரும் கைரேகை கொடுக்கணும்.

கிளைட் விளையாடிய மாநில எல்லை இப்போதும் முக்கியம். குட்டை ரைபிளை இன்னொரு மாநிலத்துக்கு எடுத்துப் போக ஏடிஎஃப் முன் அனுமதி தேவை. கலிபோர்னியா, நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் சாதாரண ஆள் வைத்திருக்கவே முடியாது.

வரிச் சட்டமாக எழுதப்பட்ட ஒன்றில் வரியே இல்லையென்றால் பதிவை மட்டும் எந்த அதிகாரத்தில் கேட்கிறீர்கள் என்று துப்பாக்கி உரிமை அமைப்புகள் மத்திய நீதிமன்றங்களில் வழக்குப் போட்டிருக்கின்றன.