நரம்பை மரக்கச் செய்த ஹால்ஸ்டெட்

பல் பிடுங்கும் முன் தாடையில் போடும் மரப்பு ஊசியை நம்மில் பலர் அனுபவித்திருப்போம். முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பாட்டிமார்களுக்குத் தொடையில் போடப்படும் நரம்புத் தடுப்பு ஊசியும் அதே வம்சம்தான். அந்த வம்சத்தைத் தொடக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட்.

1852இல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தபோது புத்தகத்தைவிட விளையாட்டில்தான் நாட்டம். அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தலைவராகவும் இருந்தார். பிறகு மருத்துவம் பயின்று 1877இல் பட்டம் பெற்றார்.

1884 செப்டம்பரில் வியன்னாவிலிருந்து ஒரு செய்தி பரவியது. கொக்கேன் கரைசலைச் சொட்டுவிட்டால் கண் மரத்துப் போகிறது என்று கார்ல் கோல்லர் கண்டறிந்திருந்தார். ஹால்ஸ்டெட் ஒரு படி மேலே யோசித்தார். மருந்தை வலிக்கும் இடத்தில் விடாமல், அங்கிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பின் அருகில் செலுத்தினால்? சோடியம் அயனிகள் உள்ளே நுழைவதால்தான் நரம்பில் சமிக்ஞை ஓடுகிறது. மருந்து அந்த வாசலை அடைத்துவிடுகிறது என்பது பின்னாளில் தெரியவந்தது. அவரும் சக மருத்துவர் ரிச்சர்ட் ஹால் போன்றோரும் தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்த்தார்கள். கீழ்த்தாடை நரம்பு மரத்தது.

ஆனால், கொக்கேன் அவர்களை விடவில்லை. 1885இல் இது பற்றி ஹால்ஸ்டெட் எழுதிய கட்டுரையின் வாக்கியங்களே தலைகால் புரியாமல் குழம்பிக் கிடந்தன. 1886இல் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். கொக்கேனிலிருந்து மீள அவருக்குத் துணையானது மார்ஃபின், அதாவது இன்னொரு போதைப்பொருள்!

பால்டிமோரில் நண்பர் வில்லியம் வெல்ச் கைகொடுத்தார். அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இளம் மருத்துவர்களைப் படிப்படியாகப் பயிற்றுவிக்கும் முறையை உருவாக்கினார். கிருமிநாசினியால் கை புண்ணான தாதி கரோலின் ஹாம்ப்டனுக்காக ரப்பர் கையுறை செய்வித்தார். 1890இல் அவரையே மணந்தார்.

முட்டி அறுவைக்குப் பின் நரம்புத் தடுப்பு தருவதற்கு இன்று சொல்லப்படும் முக்கியக் காரணம், மார்ஃபின் வகை மருந்துகளின் தேவை குறையும் என்பதே. அதற்குக் கொக்கேன் பயன்படுவதில்லை. அடிமைப்படுத்தாத லிக்னோகேன், புப்பிவாகேன் போன்றவை வந்துவிட்டன.

ஹால்ஸ்டெட் 1922இல் காலமானார். மருத்துவமனை தொடங்கிய காலத்துச் சக மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் பூட்டிவைத்த குறிப்பேடு 1969இல் திறக்கப்பட்டது. பேராசிரியராகப் புகழ்பெற்ற பின்னும் ஹால்ஸ்டெட் மார்ஃபினை விடவில்லை என்பது அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது.