சர்க்கரைப் பணத்தில் வளர்ந்தவர் அடிமைப் பெண்ணின் குரலில் எழுதலாமா? - எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் இன்னொரு கதை

காதலர் தினம் நெருங்கினால் போதும்... உங்க இன்ஸ்டா ஃபீடில் ஓர் ஆங்கிலக் கவிதை எப்படியும் வந்துபோகும். ஒரு பெண் தன் காதலை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று கணக்குப் போடும் கவிதை அது. கல்யாணப் பத்திரிகை, காபி கப், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என எல்லா இடத்திலும் பார்த்திருப்பீங்க. எழுதியவர் எலிசபெத் பாரெட் பிரௌனிங். தன் காதலர் ராபர்ட் பிரௌனிங்குக்காக எழுதியது. வெளியான ஆண்டு 1850.

அந்தக் காதல் கதை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும்தான். ஆனா அதே எலிசபெத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கு. `கஷ்டமே படாதவங்க அடுத்தவங்க கஷ்டத்தைப் பத்தி எழுதலாமா?'ன்னு இன்னிக்கு சோஷியல் மீடியாவில் வாரத்துக்கு ஒருமுறை சண்டை போடுறோமே, அந்தச் சண்டைக்கு இவரைவிடச் சிக்கலான ஆள் கிடைக்க மாட்டார்.

1806-ல் இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் பிறந்தார் எலிசபெத். 12 குழந்தைகளில் மூத்தவர். வளர்ந்தது ஹியர்ஃபோர்ட்ஷயரில், `ஹோப் எண்ட்' என்ற மாளிகையில். சுற்றிலும் பெரிய எஸ்டேட், துருக்கிப் பாணியில் ஸ்தூபிகள் வைத்துக் கட்டிய வீடு, குழந்தைக்குச் சவாரி செய்ய ஒரு மட்டக்குதிரை. வீட்டிலேயே கிரேக்கம் படித்தார். 14 வயசில் ஒரு காவியம் எழுதினார். அப்பா அதைச் சொந்தச் செலவில் 50 பிரதிகள் அச்சடித்துக் கொடுத்தார். நம்ம வீட்ல கவிதை எழுதினா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும்!

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? ஜமைக்காவிலிருந்து. அங்கே பாரெட் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அங்கே அடிமைகளாகக் கரும்பு வெட்டினார்கள். அவர்கள் வெட்டிய கரும்பு சர்க்கரையாகவும் ரம்மாகவும் கப்பலேறியது. திரும்பி வந்த பணத்தில் எலிசபெத் கிரேக்கம் படித்தார்.

இதில் என்னை ரொம்பத் தொந்தரவு செய்த ஒரு விஷயம் உண்டு. எலிசபெத்தின் பாட்டிக்குத் துணையாக ட்ரெப்பி என்று ஒரு பெண்மணி அந்தக் குடும்பத்தில் இருந்தார். முழுப்பெயர் மேரி ட்ரெப்சாக். நொடித்துப்போன ஒரு தோட்ட முதலாளிக்கும் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் ஜமைக்காவில் பிறந்தவர். எலிசபெத் மேல் அவருக்கு அவ்வளவு பாசம். 1826-ல் எலிசபெத்தின் கவிதைப் புத்தகம் வெளிவந்தபோது அச்சுச் செலவை ஏற்றுக்கொண்டவர் இந்த ட்ரெப்பிதான். யோசிச்சுப் பாருங்க, ஓர் அடிமைப் பெண்ணின் மகள் கொடுத்த காசில் முதலாளி வீட்டுப் பெண்ணின் புத்தகம்!

1832-ல் ஹோப் எண்ட் கைவிட்டுப் போனது. ஜமைக்கா சொத்து தொடர்பான வழக்கில் தோல்வி, தோட்ட வருமானமும் சரிவு. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. குடும்பத்தில் ஒரே கலக்கம். 27 வயது எலிசபெத் மட்டும் தோழிக்கு எழுதிய கடிதத்தில், எங்களைப் போன்றவர்கள் அழிந்தோம், ஆனாலும் அந்த மக்கள் விடுதலையானதில் எனக்குச் சந்தோஷம்தான் என்ற பொருளில் எழுதினார். வீட்டுக் கூரை பறிபோகும் நேரத்தில் அப்படி எழுத ஒரு மனசு வேணும்.

அதேசமயம் முழுக்க அழிந்தும் போகவில்லை. அந்தச் சட்டப்படி அரசாங்கம் கொடுத்த இழப்பீடு 2 கோடி பவுண்டு. கொடுத்தது அடிமைகளாக இருந்தவர்களுக்கு இல்லீங்க, அவர்களை `இழந்த' முதலாளிகளுக்கு! பாரெட் குடும்பமும் வாங்கியது. அதற்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் மக்களின் வரிப்பணத்தில் கட்டி முடித்தது 2015-ல்தான். ஆமாம், நீங்க ஸ்மார்ட்போன் வெச்சிருந்த காலத்தில்தான்.

எலிசபெத்துக்கு 15 வயசிலிருந்தே உடம்பு சரியில்லை. வலிக்கு அபினி கலந்த மருந்து. 1840-ல் உயிருக்கு உயிரான தம்பி கடலில் மூழ்கி இறந்தான். அதன் பிறகு லண்டன் விம்போல் தெரு வீட்டில், மாடி அறையில், சோபாவிலேயே வாழ்க்கை. துணைக்கு ஃப்ளஷ் என்ற நாய்.

அந்த அறைக்குள்தான் அந்த அரசு அறிக்கை வந்து சேர்ந்தது. கடிதத்தில் மட்டுமே பழகிய நண்பர் ஆர்.எச்.ஹார்ன், குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி விசாரித்த கமிஷனில் வேலை பார்த்தவர். சுரங்கத்தின் இருட்டில் நாள் முழுக்க உட்கார்ந்து, வண்டி வரும்போது கதவைத் திறந்து மூடும் குழந்தைகள் அந்த விசாரணையில் பதிவாகியிருந்தார்கள். சிலருக்கு ஐந்தாறு வயசுதான். எலிசபெத் சுரங்கத்தைப் பார்த்ததில்லை, ஆலைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அறிக்கையைப் படித்தார், எழுதினார். `குழந்தைகளின் அழுகுரல்' 1843 ஆகஸ்டில் `பிளாக்வுட்ஸ்' பத்திரிகையில் வந்தது. அதில் அந்தக் குழந்தைகளே பேசுகிறார்கள். ஊரெல்லாம் அதைப் படித்தது. 1844-லும் 1847-லும் ஆலைச் சட்டங்கள் வந்தன. கவிதையால்தான் சட்டம் வந்தது என்று சொன்னால் அது பில்டப். போராடியவர்கள் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். ஆனால், மாடமாளிகைகளுக்குள் அந்தச் சத்தத்தைக் கொண்டுபோனதில் கவிதைக்கும் பங்குண்டு.

இங்கே ஒரு பெயரைச் சொல்லியே ஆகணும். மேரி பிரின்ஸ். பெர்முடாவில் அடிமையாகப் பிறந்து, உப்பளத்தில் வெந்து, பல முதலாளிகளுக்குக் கைமாறி, 1828-ல் லண்டன் வந்தவர். அவர் வாய்மொழியாகச் சொன்ன வாழ்க்கைக் கதை 1831-ல் புத்தகமாக வந்தது. பிரிட்டனில் ஒரு கறுப்பினப் பெண்ணின் சுயசரிதை வெளியானது அதுவே முதல்முறை. உடனே என்ன நடந்தது தெரியுமா? அவரைப் பொய்க்காரி, நடத்தை கெட்டவள் என்று ஒரு கட்டுரை கிழித்தது. வழக்கு நடந்தது, மேரி கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அவர் முதுகில் இருந்த தழும்புகளைப் பெண்கள் நேரில் பார்த்து உறுதிசெய்து, அந்தச் சான்றைப் புத்தகத்தின் பின்னால் அச்சிட்டார்கள்.

மேரியைப் பொய்க்காரி என்ற அந்தக் கட்டுரை வந்த பத்திரிகை எது? அதே `பிளாக்வுட்ஸ்'.

பட்டவர் சொன்னபோது முதுகைக் காட்டச் சொன்னார்கள். படாதவர் சொன்னபோது, அதே பத்திரிகை பக்கம் ஒதுக்கியது. எலிசபெத்திடம் யாரும் எந்தச் சான்றும் கேட்கவில்லை. இது அவர் செய்த தப்பு இல்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த காதுகள் மேரிக்குக் கிடைக்கவில்லை என்பதை மறந்துட்டு அவர் கவிதையைக் கொண்டாட என்னால் முடியலை.

சரி, காதல் கதைக்கு வருவோம். 1845-ல் ராபர்ட்டின் முதல் கடிதம். அடுத்த இருபது மாதங்களில் இருவரும் எழுதிக்கொண்டவை 570-க்கும் மேல். ராபர்ட் வீட்டுக் கதையும் கரும்பில்தான் தொடங்குகிறது. அவருடைய அப்பாவை இளவயதில் செயின்ட் கிட்ஸ் தீவுத் தோட்டத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அடிமைமுறையைப் பார்த்துச் சகிக்காமல், சொத்தே வேண்டாம் என்று திரும்பிவந்து வங்கி குமாஸ்தாவானவர் அவர். எலிசபெத்தின் அப்பாவோ, பிள்ளைகள் யாருமே கல்யாணம் செய்யக் கூடாது என்றவர்.

1846 செப்டம்பர், ரகசியக் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு ஃப்ளஷ் திருடுபோனது. பணம் கேட்டு மிரட்டும் நாய்த் திருட்டுக் கும்பல். சோபாவை விட்டு இறங்காத எலிசபெத், வேலைக்காரப் பெண் வில்சனோடு வண்டி பிடித்து, ஷோர்டிட்ச் என்ற படுஏழைப் பகுதிக்கே போய்த் திருடன் வீட்டு வாசலில் நின்றார். இதைப் படிச்சப்ப சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சுரங்கக் குழந்தைகளை அறிக்கையில் பார்த்தவர், லண்டன் ஏழைகளின் தெருவை நாய்க்காகப் பார்த்தார். ஆனால் பார்த்ததை வீணாக்கவில்லை. பத்து வருஷம் கழித்து வந்த `அரோரா லீ'யில் அந்தத் தெருவின் வாடை இருக்கிறது.

கல்யாணம் முடிந்து இத்தாலிக்கு ஓடிப்போனார்கள். அப்பா கடைசிவரை மன்னிக்கவில்லை, கடிதங்களைப் பிரிக்காமலே வைத்திருந்தார். தைரியமாக ஓட முடிந்ததற்கு ஒரு காரணம், எலிசபெத் கையில் சொந்தப் பணம் இருந்தது. பாட்டியும் ஜமைக்காவில் இருந்த சித்தப்பாவும் விட்டுச்சென்ற பணம். மறுபடியும் கரும்புதான்.

அந்தப் பணத்தில் பீசா நகரில் குடித்தனம் வைத்த முதல் குளிர்காலத்தில், அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்தினர் கேட்டிருந்த கவிதையை முடித்தார். தப்பி ஓடும் ஓர் அடிமைப் பெண், தன்னைச் சீரழித்த வெள்ளையர்களின் முகச்சாயலோடு பிறந்த குழந்தையைத் தன் கையாலேயே கொன்றதைச் சொல்கிறாள். கவிதை முழுக்க `நான்' என்று பேசுவது அந்தப் பெண். 1840-களில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வன்புணர்வைப் பற்றி இப்படி எழுதியதே அதிர்ச்சி. எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. கவிதை நடப்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில். ஏன் ஜமைக்காவில் இல்லை? கேட்டவர்கள் அமெரிக்கர்கள், அங்கே அடிமைமுறை இன்னும் இருந்தது என்பது நியாயமான பதில். இருந்தாலும், தன் தாத்தாவின் தோட்டத்திலிருந்து ஒரு பெண் ஓடிவருவதாக எழுதியிருந்தால்..?

அந்தக் கேள்வி அவருக்குள்ளும் இருந்திருக்கிறது. 1855-ல் கலை விமர்சகர் ரஸ்கினுக்கு எழுதிய கடிதத்தில், தான் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்துப் பெண் என்று ஒளிக்காமல் சொன்னார். சாபத்தில் நம்பிக்கை இருந்தால் எனக்கே பயமாக இருக்கும் என்பது அதன் சாரம். அதே காலத்தில் அமெரிக்க அடிமைமுறையைச் சபித்து எழுதிய கவிதையில், ஒரு தேவதை வந்து எழுதச் சொல்கிறது. கவிஞர் மறுக்கிறார். என் நாட்டுப் பாவமே கிடக்கிறது, வேறு யாரையாவது கேள் என்கிறார். தேவதை விடவில்லை. அந்த வாக்குவாதத்தைக் கவிதைக்குள்ளேயே வைத்துவிட்டார். 1860-ல் அது புத்தகத்தில் வந்தபோது, சாபம் இங்கிலாந்துக்குத்தான் என்று நினைத்து லண்டன் விமர்சகர்கள் பாய்ந்தார்கள்.

1861 ஜூன் 29, ஃப்ளாரன்ஸ் நகரில் ராபர்ட்டின் கைகளில் உயிர் பிரிந்தது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கி இரண்டரை மாதம் ஆகியிருந்தது.

ஜமைக்காவில் பாரெட் குடும்பம் கட்டிய `சின்னமன் ஹில்' மாளிகை இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் அதை வாங்கி வசித்தார். இப்போது டூரிஸ்ட்டுகள் போய்ப் பார்க்கிறார்கள். யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன், இழப்பீடு வாங்கிய முதலாளிகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. இப்பவே உங்க போன்ல பார்க்கலாம். தேடும் கட்டத்தில் `பாரெட்' என்று தட்டினால் பெயர், தோட்டம், வாங்கிய பவுண்டு எல்லாம் வரும். கூடவே, அந்தத் தோட்டத்தில் அடிமைகள் எத்தனை பேர் என்ற எண்ணும்.